பரிமாற்ற மாணவனாகப் போகும் பள்ளியில் மாணவர் மன்றத்தில் சேரலாமா?

கேள்வி: ஓராண்டு பரிமாற்ற மாணவனாக வெளிநாட்டுப் பள்ளிக்குப் போகிறேன். அங்குள்ள மாணவர் மன்றத்தில் சேர முயலலாமா, விருந்தாளியாக ஒதுங்கியிருப்பதே நல்லதா? விசா, மதிப்பெண் விவரங்களும் தெரிந்தால் சொல்லுங்கள்.

பதில்:

சேருங்கள். ஆனால் மாணவர் தலைவன் என்றால் அந்த ஊரில் என்ன பொருள் என்பதை முதலில் வாயை மூடிக்கொண்டு கவனியுங்கள். நான் கவனிக்காமல் போய்ச் சூடுபட்டவன்.

நீங்கள் இப்போது வகுப்புத் தலைவராக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் பழகாத ஒருவருக்கு இந்தக் கேள்வி தோன்றாது. தவறென்றால் மன்னித்துவிடுங்கள்.

நான் மொரீஷியஸ்காரன், இப்போது தமிழாசிரியன். 2003-இல், கீழ் ஆறாம் படிவத்தில் (பள்ளியின் கடைசிக்கு முந்தைய ஆண்டு) படித்தபோது, பக்கத்துத் தீவான ரீயூனியனில் செயிண்ட்-ஆந்த்ரே நகரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு நான்கு மாதங்கள் அனுப்பப்பட்டேன். முக்கால் மணி நேர விமானப் பயணம், இதெல்லாம் ஒரு வெளிநாடா என்று கேட்கத் துடிப்பவர்களுக்கு: அது 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலவுக்கு யூரோ, பள்ளியில் சீருடை கிடையாது, கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. இரு தீவுகளிலும் பேசும் கிரியோல் என்ற பிரெஞ்சு கலந்த பேச்சுமொழிகூட வேறு. நான் 'மோ' என்று வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும். அவர்களுக்கு 'நான்' என்றால் 'மி'.

எங்கள் பள்ளியில் நான் பிரிஃபெக்ட், அதாவது ஒழுங்கைக் கவனிக்கும் மாணவத் தலைவன். ரெக்டரும் (தலைமையாசிரியர்) ஆசிரியர்களும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், தேர்தல் கிடையாது. காலையில் வாசலில் நின்று தாமதமாக வருபவர்களின் பெயரை எழுதுவோம். சட்டை வெளியே தொங்கினால் எழுதுவோம், முடி நீண்டிருந்தால் எழுதுவோம். அந்தப் பேட்ஜைப் பெட்டியில் வைத்து ரீயூனியனுக்கும் எடுத்துப் போனேன் என்று சொன்னால் என் மாணவர்கள் இன்றும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது வாரம். வரலாற்று ஆசிரியர் பத்து நிமிடம் வெளியே போனார். வகுப்பு இரைந்தது. என் கை தானாகவே ஒரு தாளை எடுத்து ஆறு பெயர்களை எழுதியது. திரும்பி வந்த ஆசிரியரிடம் நீட்டினேன். "என்ன இது?" என்றார். பேசியவர்கள் என்றேன். அவர் தாளை நான்காக மடித்து என் மேசைமீதே வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அதன்பின் பத்து நாட்கள் உணவுக்கூடத்தில் என் எதிரே யாரும் உட்காரவில்லை.

பிறகு வகுப்புப் பிரதிநிதித் தேர்தல் வந்தது. வகுப்புக்கு இருவர், அவர்களுக்கு மாற்றாக இருவர், ரகசிய வாக்கெடுப்பு. ஜெயித்த பெண் என் பட்டியலில் இருந்த ஆறு பேரில் ஒருத்தி! அவள் வேலை வாசலில் நிற்பது அல்ல. பருவ முடிவில் தலைமையாசிரியர் தலைமையில் வகுப்புக் கவுன்சில் கூடும். ஆசிரியர்களும் பெற்றோர் பிரதிநிதிகள் இருவரும் இருப்பார்கள். அதே மேசையில் மாணவப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் பேசலாம்.

கவுன்சிலுக்கு முந்தைய வாரம் அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எல்லோரிடமும் போனாள். என்னிடமும் வந்தாள். நான் விருந்தாளி என்றேன். "உன் நாற்காலி இந்த வகுப்பில்தானே இருக்கிறது?" என்றாள். இயற்பியல் ஆசிரியரின் சுருக்கெழுத்துகள் எனக்குப் புரியவில்லை என்பதைக்கூட எழுதிக்கொண்டாள்.

எங்கள் வகுப்பில் சலாஸி மலைப்பகுதியிலிருந்து ஒரு பையன் வருவான். மழை பெய்தால் மலைச்சாலையில் பாறை சரியும், பஸ் நின்றுவிடும். அவன் கணக்கில் பதினோரு தாமதங்கள். எச்சரிக்கை கொடுப்பதாக இருந்தார்கள். அவள் அந்தப் பதினோரு நாட்களில் எத்தனை நாள் சாலை அடைபட்டிருந்தது என்று எண்ணி எழுதிக்கொண்டு போய் வாசித்தாளாம். எச்சரிக்கை வரவில்லை. இதை அவள் சொல்லக் கேட்டபோது எனக்கு வேறொன்று உறைத்தது: அவன் எங்கள் பள்ளியில் படித்திருந்தால் பதினோரு முறையும் அவன் பெயரை எழுதியவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

நான் தங்கியிருந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களை அங்கே மல்பார் என்பார்கள், நம்மவர்கள்தான். முருங்கைக் கீரையை 'பிரேத் முருங்க்' என்று சொல்லிச் சமைப்பார்கள், ஆனால் தமிழ் ஒரு சொல்கூடப் பேச வராது. அந்த வீட்டுப் பாட்டியிடம் எங்கள் நூறு ரூபாய் நோட்டைக் காட்டினேன். அதில் எங்கள் நாட்டுத் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம், தமிழ் எழுத்து. பாட்டி அந்த எழுத்தை விரலால் தடவினார், படிக்கத் தெரியாமல். அந்த நோட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். எதிர்ப்பு கிளம்பி, அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நோட்டில் இடத்தைக் காப்பாற்றிக்கொண்ட தமிழுக்குக் கால அட்டவணையில் இடம் கிடைக்கவில்லை என்பது என் தனிப்பட்ட எரிச்சல். இந்த ஆண்டும் என் வகுப்பை விளையாட்டு நேரத்தோடு மோதவிட்டிருக்கிறார்கள். பதினேழு வயதுப் பையன் பந்தை விட்டுவிட்டுத் திருக்குறளுக்கு வருவானா? சரி, நீங்கள் கேட்டது இதுவல்ல.

ஊர் திரும்பியதும் ரெக்டரிடம் போய், வகுப்புக்கு இருவரை நாங்களே தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்டேன். "படிக்க வந்தாயா, அரசியல் செய்ய வந்தாயா?" என்றார். என் பெரியப்பா 1975 மே 20 அன்று கல்விச் சீர்திருத்தம் கேட்டு எங்கள் தலைநகர் போர்ட் லூயிசை நோக்கி நடந்த மாணவர்களில் ஒருவர். கிராண்ட் ரிவர் பாலத்தில் கண்ணீர்ப்புகை தின்றவர். அதே ஆண்டில் வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது. 1977 முதல் இடைநிலைக் கல்வி இலவசமானது. அந்த இலவசத்தில் படித்துக்கொண்டிருந்த என்னிடம்தான் அந்தக் கேள்வி. பதில் சொல்லவில்லை, பயம். மறு ஆண்டுப் பிரிஃபெக்ட் பட்டியலில் என் பெயர் இல்லை.

முன்னாள் பிரிஃபெக்ட் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வாசலில் யாராவது நிற்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பிரான்சின் முறை சொர்க்கம் என்றும் சொல்லவில்லை. இன்னொரு பிரதிநிதி கவுன்சிலில் வாயே திறக்கவில்லை என்று அந்தப் பெண்ணே திட்டினாள்.

நீங்கள் போகும் நாட்டில் தேர்தலில் நிற்கப் பரிமாற்ற மாணவருக்கு அனுமதி உண்டா என்பதை அந்தப் பள்ளியிடம் கேளுங்கள். இல்லையென்றால் பிரதிநிதியின் நோட்டுப் புத்தகத்தைச் சுமக்கும் வேலையாவது கேட்டு வாங்குங்கள். விசா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும். மதிப்பெண் பற்றி என் அனுபவம் இதுதான்: 20-க்கு 13 வாங்கி வந்தேன், அங்கே அது மரியாதையான மதிப்பெண். எங்கள் அலுவலகத்தில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டார்கள். கடைசியில் அந்தப் பருவப் பாடம் முழுவதையும் விடுமுறையில் உட்கார்ந்து மறுபடி படித்தேன்.