மூன்று வீடும் இருபது வீடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்க விவசாயிகள் ஏழு சாமுராய் வாள்வீரர்களைச் சேர்க்கும் கதையான, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' படத்தை நானும் கல்லூரியில் படிக்கும் என் மகனும் பார்த்தோம். அவனுக்கு இது முதல் முறை. "ஆள் சேர்க்கிற கதைதானே, எத்தனை படத்தில் பார்த்தாயிற்று" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவன் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. மூன்றரை மணி நேரம், கறுப்பு வெள்ளை, தெரியாத மொழி, பெரிய சண்டை வருவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். பத்து நிமிடத்துக்கு ஒரு சண்டை வைக்கும் இன்றைய படங்களில் பாதியிலேயே போனை எடுத்துவிடுகிறோம். இது மட்டும் எப்படிப் பிடித்து வைக்கிறது? கொள்ளையரை எல்லாம் கொன்ற பிறகு தலைவர் காம்பே "இந்த முறையும் தோற்றது நாம்தான்" என்கிறாரே, அது ஏன்? அடுத்து உறவினர்களுக்கும் போட்டுக்காட்ட நினைக்கிறோம். சுருக்கிய வடிவம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அது போதுமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் மகனிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து அந்தக் கிராமத்தை வரையச் சொல்லுங்கள். வடக்கே காட்டுப்பாதை, ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று வீடுகள், கிழவர் கிசாகுவின் தண்ணீர் ஆலை, வேலி கட்டிய இடம், தண்ணீர் பாய்ச்சிய வயல் எல்லாவற்றையும் போட்டுவிடுவார். அண்மையில் பார்த்த வேறொரு சண்டைப் படத்தின் களத்தை அப்படி வரைய அவரால் முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். கொள்ளையர் மேல் முதல் வாள் உருவப்படுவதற்கு முன்பே அந்தப் போரின் கணக்கு முழுவதையும் குரோசாவா நம் கையில் கொடுத்துவிடுகிறார். அதன் பிறகு நாம் வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை, காவலுக்கு நிற்பவர்கள். படம் பிடித்து வைப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கணக்கு முதல் காட்சியிலேயே தொடங்குகிறது. மேட்டில் குதிரைகளை நிறுத்திக் கொள்ளையர் பேசுகிறார்கள்: போன அறுவடையில்தான் நெல்லை எடுத்தோம், இப்போது ஒன்றும் இருக்காது, பார்லி விளைந்ததும் வருவோம். விறகுச் சுமையோடு மறைந்திருந்த ஒரு விவசாயி அதைக் கேட்டுவிடுகிறான். இந்த ஒரு பேச்சில் படத்துக்குக் காலக்கெடு கிடைத்துவிடுகிறது. பிறகு பார்லிக் கதிர் அசையும் ஒவ்வொரு முறையும் நாம் நாளை எண்ணுகிறோம். அதே பார்லி காவல் திட்டத்திலும் வருகிறது. கதிரை அறுத்த பிறகுதான் வயலில் தண்ணீர் பாய்ச்ச முடியும், பாய்ச்சினால்தான் குதிரை அந்தப் பக்கம் இறங்காது. ஆக அறுவடை தாமதமானால் அரணும் தாமதமாகும்.

அடுத்தது ஆள் கணக்கு. ஊரின் அமைப்பை விவசாயிகளிடம் கேட்டுக்கொண்டே காம்பே வாய்விட்டுக் கணக்குப் போடுகிறார்: திசைக்கு ஒருவர் என்றால் நால்வர், கைவசம் இன்னும் இருவர், என்னையும் சேர்த்து ஏழு பேராவது வேண்டும். எதிரே நாற்பது குதிரை வீரர்கள், மூன்று துப்பாக்கிகள். படத்தின் பெயரில் உள்ள ஏழு, நிலத்தைப் பார்த்துப் போட்ட கணக்கில் வந்த எண். பின்னால் வந்த எத்தனையோ படங்கள் இந்த ஆள் சேர்ப்பை எடுத்துக்கொண்டன. கத்தி வீசத் தெரிந்தவன், சிரிக்க வைப்பவன், பேசாதவன், சின்னப்பையன் என்று ஆட்களைப் பொறுக்கினார்கள், ஆனால் இத்தனை பேர் எதற்கு என்ற கேள்விக்கு அந்தப் படங்களில் விடை கிடையாது. அங்கே ஒருவர் செத்தால் ஒரு நடிகர் போகிறார். இங்கே ஒருவர் செத்தால் ஒரு பக்கம் காவலில்லாமல் போகிறது.

கூலி என்ன? மூன்று வேளைச் சோறு, அவ்வளவுதான். சாமுராய்க்கு அரிசி வைத்துவிட்டு விவசாயிகள் குதிரைவாலி இனத்துச் சிறுதானியத்தைத் தின்கிறார்கள். ஆள் தேடி வந்த விவசாயிகள் தங்கிய சத்திரத்தில் அவர்களைக் கிண்டல் செய்துகொண்டே இருந்த கூலியாள்தான் கடைசியில் பொறுக்காமல் சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக் காம்பேயின் முன் நீட்டி இதைச் சொல்கிறான். காம்பே அதை வாங்கிக்கொண்டு, இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். என் பார்வையில் படத்தின் உச்சம் இங்கேதான், மழையில் நடக்கும் போர் கூட இதற்கு அடுத்தபடிதான். காம்பேயாக நடித்த தகாஷி ஷிமுரா இங்கே குரலை உயர்த்தவே மாட்டார், கவனித்துப் பாருங்கள்.

அரணுக்கு வருகிறேன். ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பாலத்தைப் பெயர்ப்பது. வடக்கு மட்டும் வேண்டுமென்றே திறந்து கிடக்கும். நல்ல கோட்டைக்கு ஒரு திறப்பு வேண்டும், எதிரியை உள்ளே இழுக்காமல் காத்துக்கொண்டே இருந்தால் தோற்போம் என்கிறார் காம்பே. ஒன்றிரண்டு குதிரைகளை உள்ளே விட்டு, பின்னால் மூங்கில் ஈட்டிகளால் அடைத்துவிட்டு, உள்ளே வந்தவனை ஊரே சேர்ந்து வளைக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுவதால், போர் நடக்கும்போது வழி அடைபட்டதா, எத்தனை குதிரை நுழைந்தது என்று நம் கண் தானாகவே தேடுகிறது. காம்பே தாளில் கொள்ளையர் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டு, விழுந்தவனுக்கு ஒரு கோடு இழுத்துக்கொண்டே வருகிறார். கடைசி விடியலில் மிச்சம் பதின்மூன்று. அப்போது மட்டும் அத்தனை பேரையும் உள்ளே விடச் சொல்கிறார். ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, நமக்கே தெரிகிறது.

ஓடைக்கு அப்பால் உள்ள மூன்று வீடுகளையும் ஆலையையும் காக்க முடியாது. அதைச் சொன்னதும் விவசாயி மொசுகேவும் அந்த வீட்டுக்காரர்களும் ஈட்டியைப் போட்டுவிட்டு நடக்கிறார்கள். எங்கள் வீட்டை எரியவிட்டு இவர்கள் வீட்டைக் காக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. காம்பே வாளை உருவி அவர்களை விரட்டி வரிசைக்குக் கொண்டுவருகிறார். அங்கே இருப்பது மூன்று வீடு, இங்கே இருப்பது இருபது என்கிறார். அதுவரை கையைத் தலையில் தடவிச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். பின்னால் அந்த வீடுகள் எரியும்போது, ஓடப் பார்ப்பவர்களைத் தடுத்துக் காவலுக்குத் திருப்பி அனுப்புபவன் இதே மொசுகே. ஆலையை விட்டு வராத கிழவரைத் தேடிப் போன மகனும் மருமகளும் செத்து, குழந்தை ஏழு பேரில் ஒருவனான கிகுசியோவின் கையில் மிஞ்சுகிறது. இந்த ஒரே எண் மூன்று இடங்களில் மூன்று விதமாக வலிக்கிறது. எழுதுவதற்கு முன் குரோசாவா அந்த ஊருக்கு ஒரு குடும்பப் பதிவேடே போட்டார், 23 குடும்பங்கள், 101 பேர் என்பார்கள். மூன்றையும் இருபதையும் கூட்டிப் பாருங்கள்.

எடுத்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். 1954 ஏப்ரலில் வெளிவந்த படம், 148 படப்பிடிப்பு நாட்கள். கடைசிச் சண்டைக்குக் குரோசாவா ஒரே நேரத்தில் மூன்று கேமராக்களை வைத்தார். ஒன்று வழக்கமான இடத்தில், இரண்டாவது வேகமான தீர்மானமான கணங்களுக்கு, மூன்றாவது கெரில்லாப் படை மாதிரி தன்னிஷ்டத்துக்கு. காரணம் நடைமுறை சார்ந்தது. சேற்றில் சறுக்கி விழும் குதிரையை இன்னொரு முறை அதே மாதிரி விழவைக்க முடியாது. ஷாட் ஷாட்டாக எடுத்தால் சேற்றின் தடம் மாறும், மழை மாறும், நடிகரின் மூச்சு மாறும். மூன்று கோணத்திலும் ஒரே வீழ்ச்சி பதிவானால், வெட்டும் இடத்தில் அசைவு அறுபடாது. தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் தொலைவிலிருந்து எடுத்ததால் முன்னால் இருப்பவனும் பின்னால் வரும் குதிரையும் ஒட்டி நிற்கிறார்கள், ஒதுங்க இடமே இல்லை என்று தோன்றுகிறது.

இன்று பத்து கேமரா வைப்பவர்களும் உண்டு. எல்லாக் கோணத்திலும் எடுத்துவிட்டு எடிட்டிங் மேசையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறார்கள். யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது முதலிலேயே நிலைபெறாதபோது, கோணம் கூடக் கூடக் குழப்பம்தான் கூடும். கேமராவின் எண்ணிக்கை இரண்டாம் பட்சம். முன்னால் போட்ட வரைபடம்தான் அந்த வெட்டுகளைத் தாங்குகிறது. குரோசாவாவே எடிட்டிங்கையும் செய்தவர் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஏழு பேரில் நால்வர் சாகிறார்கள், நால்வருமே துப்பாக்கியால். வாளால் ஒருவர் கூட இல்லை. க்யூஸோ போன்ற வாள்வீரனை வீழ்த்துவதற்கு இன்னொரு வாள்வீரன் தேவைப்படவில்லை, வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவனின் விரல் போதுமாக இருக்கிறது. போர்த்துகீசியர் வழியாகத் துப்பாக்கி ஜப்பானுக்கு வந்தது 1543இல். கிகுசியோ தன்னுடையது என்று நீட்டும் பரம்பரை ஏட்டில் பிறந்த ஆண்டு தென்ஷோ 2, அதாவது 1574. அப்படியானால் உனக்குப் பதின்மூன்று வயதா என்று காம்பே சிரிக்கிறார். ஜப்பானிய வயதுக் கணக்கில் பிறந்ததுமே ஒன்று என்பதால், கதை நடப்பது 1586. இரண்டே ஆண்டில், 1588இல், அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி விவசாயிகளிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கும் ஆணையைப் போட்டார். இந்தக் கதை நடந்திருக்கக் கூடிய கடைசி ஆண்டுகள் அவை.

அதோடு, விவசாயிகளை வெறும் அப்பாவிகளாகப் படம் காட்டவில்லை. அவர்கள் தோற்று ஓடிவந்த சாமுராய்களைக் கொன்று கவசத்தை உருவி ஒளித்துவைத்தவர்கள். அது தெரிந்து ஆறு பேரும் இறுகிப்போய் இருக்கும்போது, கிகுசியோவாக நடிக்கும் மிஃபுனே கேமராவை நேராகப் பார்த்துக் கத்துகிறார்: இவர்கள் கஞ்சர்கள், பொய்யர்கள், கொலைகாரர்கள், ஆனால் இவர்களை அப்படி ஆக்கியது யார்? நீங்கள்தானே! காம்பேயின் கண் கலங்குகிறது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைசிக் காட்சியைப் பாருங்கள். ஊர் பாடிக்கொண்டே நடவு நடுகிறது. சாமுராய்க்குக் கொடுக்க வேண்டிய சோறு கொடுத்தாயிற்று, இனி அவர்கள் அங்கே தேவையில்லை. நிலமும் இல்லை, எஜமானும் இல்லை, நான்கு கல்லறைகள் மட்டும். காம்பே சொல்வது வருத்தம் மட்டும் இல்லை, துல்லியமான கணக்கும் கூட.

சுருக்கிய வடிவம் வேண்டாம். 207 நிமிடம் ஓடுவதே முழுப்படம். வெளிநாடுகளுக்காக ஏறக்குறைய 160 நிமிடமாகக் குறைத்த வடிவம் உண்டு. இவ்வளவு நேரத்தைக் குறைத்தால் முதலில் அடிபடக் கூடியது நான் மேலே சொன்ன கணக்கு வகைதான். கணக்கு போனால் மிஞ்சுவது சேறும் குதிரையும்.

உறவினர்களுக்குப் போடும்போது சில விஷயங்கள். படம் ஏறக்குறையச் சதுரமான சட்டத்தில் இருக்கும், டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பு விழும். அதை நிரப்ப இழுக்காதீர்கள், இழுத்தால் ஆட்கள் தட்டையாகிவிடுவார்கள். பெரிதாக்கி நிரப்பினால் தலையும் காலும் வெட்டுப்படும், மழைச் சண்டையில் கால்தான் முக்கியம். விளக்கை அணைத்துவிடுங்கள், இரவுக் காவல் காட்சிகள் வெளிச்சத்தில் தெரியாது. சப்டைட்டில் தமிழில் கிடைக்காவிட்டால், வட்டத்தாளும் வரைபடமும் வரும் இடங்களில் ஒரு நிமிடம் நிறுத்திப் பெரியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பாதியில் இசையோடு இடைவேளை அட்டை வரும், அங்கே எழுந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். அதற்கு முன்னால் மட்டும் எழவிடாதீர்கள், மொசுகே ஈட்டியைப் போட்டுவிட்டு நடக்கும் காட்சி இடைவேளைக்குச் சற்று முன்னால்தான் வருகிறது.

அன்புடன்