பழைய 207-க்குப் புது செட்டு கிடக்கட்டும், முதலில் எர்த்தைப் பார் தம்பி

தம்பி, நீ கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரிலிருந்து மலைக்கு மேலே கேரளத்து வண்டன்மேடு பக்கம் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கைமாறி வந்த டாடா 207 பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறாய். அதன் பாட்டு செட்டில் இடது ஸ்பீக்கர் ஊமை. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் பாட்டுக்கு நடுவே ‘ஙொய்ய்’ என்று ஒரு இரைச்சல் ஏறுகிறது. மலை ஏறினால் ரேடியோ வெறும் கரகரப்பு. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தொடுதிரை செட்டு, சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப், பாஸ் அதிர வைக்கிற ஊஃபர் பெட்டி வைக்கலாமா என்கிறாய். அப்புறம் வீட்டு வாடகை, பிள்ளைக்குப் பள்ளி, வண்டி நம்பர் மாற்றுவது பற்றியும் கேட்டிருக்கிறாய்.

வாடகையையும் பள்ளியையும் கடைசியில் பார்க்கலாம். நீ வண்டி வேலைக்கு வந்திருக்கிறாய், ஒரு நாளில் பாதி நேரம் அந்தக் கேபினில்தான் இருக்கப்போகிறாய்.

முதலில் ஒன்று. எவனையும் டேஷ்போர்டுக்குள் கட்டிங் பிளேயரோடு கை விட விடாதே. நம் பக்கத்திலிருந்து மேலே வருகிற பிக்கப் எல்லாமே நாலைந்து கை மாறினவை. ஒவ்வொரு ஓனரும் ஒரு செட்டு மாட்டியிருப்பான், ஒவ்வொரு ஃபிட்டரும் பழைய ஒயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பான். மலை ஈரத்துக்கு அந்த டேப்பின் பசை ஒரே மழைக்காலத்தில் வழுவழுத்து உரிந்துவிடும். உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். கம்பத்து வெயிலில் பத்து வருஷம் தாங்குகிற இணைப்பு இங்கே ஜூன் வந்தால் போய்விடுகிறது. புது செட்டையும் அதே ஒயரில்தான் மாட்டுவார்கள், அதே இரைச்சல்தான் வரும், ‘கம்பெனி சரியில்லை சேட்டா (அண்ணா)’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இரைச்சலை எடுத்துக்கொள். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்றால் அது டைனமோவிலிருந்து வருகிறது, அதாவது ஆல்டர்னேட்டர். அதற்காக டைனமோ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் செட்டின் எர்த், அதாவது வண்டியின் பாடியோடு சேருகிற மைனஸ் இணைப்பு, சரியில்லாததுதான் காரணம். செட்டின் பின்னால் வருகிற கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போ. எங்கேயோ டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு திருகில் போய் முடியும். அந்தத் திருகைக் கழற்று. அடியில் பெயின்டும் துருவும் இருக்கும். உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி பளிச்சென்று ஆகும்வரை தேய். ஒயர் முனையில் வளையம் அடித்து மாட்டி, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவு. பாதி வண்டிகளுக்கு இதோடு வைத்தியம் முடிந்துவிடும். முடியாவிட்டால் மல்டிமீட்டர் வைத்துப் பேட்டரியைப் பார். இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் இரைச்சல் போகவில்லை என்றால் அப்போது டைனமோவுக்குள் கரன்டை ஒரே திசையில் விடுகிற டயோடைச் சந்தேகப்படு.

ஊமை ஸ்பீக்கர். சிரிக்காதே, முதலில் செட்டில் இடது, வலது சத்தத்தைப் பிரிக்கிற பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பார். பழைய ஓனர் ஒரு பக்கமாகத் திருகி வைத்திருப்பான். அது சரி என்றால் செட்டின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகு. இப்போது வலது பக்கம் ஊமையானால் குற்றம் செட்டில். இடதே ஊமையாக இருந்தால் ஒயரோ ஸ்பீக்கரோதான். அடுத்து, டார்ச்சில் போடுகிற 1.5 வோல்ட் செல் ஒன்றை எடுத்து, ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடு. ‘டப்’ என்று சத்தம் வந்தால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது. தொடும்போது ஸ்பீக்கரின் நடுவில் அதிர்கிற கோன் முன்னால் வந்தால் செல்லின் பிளஸ் பட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ், பேனாவால் குறித்து வை. ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறிக் கிடந்தால் பாஸ் அடிபட்டு, பாட்டு மெலிந்து கேட்கும். ஸ்பீக்கர் கதவில் இருந்தால் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் போகிற ரப்பர் குழாயைப் பிதுக்கிப் பார். கதவைத் திறந்து மூடி ஒயர் அந்த இடத்தில்தான் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும், வெளியே ஒன்றும் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை, இது காசு சம்பந்தப்பட்டது. சில பழைய வண்டிகளில் ஸ்பீக்கருக்கு ஒரே ஒயர்தான் இழுத்திருப்பார்கள், மைனஸை பாடியில் கடித்துவிட்டிருப்பார்கள். அந்தக் காலத்து டேப்ரெக்கார்டருக்கு அது ஓடியது. இப்போது வருகிற செட்டில் ஸ்பீக்கர் மைனஸ் பாடியைத் தொடக் கூடாது, தொட்டால் உள்ளே சத்தத்தைக் கூட்டுகிற சில்லு, ஐசி என்பார்கள், அது போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர், தனித்தனியாக, செட்டு வரைக்கும் வர வேண்டும். நல்ல கம்பெனி செட்டுகளில் நிறம் பொதுவாக ஒன்றுதான்: மஞ்சள் எப்போதும் கரன்ட், சிவப்பு சாவி போட்டால் கரன்ட், கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். சாவியை எடுத்தால் ஸ்டேஷன் எல்லாம் மறந்துபோகிறது என்றால் மஞ்சளைச் சாவி லைனில் கொடுத்திருக்கிறான். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து நேரே பேட்டரியில் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். ராத்திரி முழுக்கச் செட்டு பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும், வண்டன்மேட்டுக் குளிரில் விடிகாலை நாலரைக்கு உன் டீசல் இன்ஜின் முனகிக்கொண்டு நிற்கும். ஆள் ஏற்றப்போகிற நேரத்தில் வண்டியைத் தள்ளச் சொன்னால் தோட்டத்துக்காரர் அடுத்த நாள் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்.

ரேடியோ. கொடைக்கானலிலிருந்து வருகிற கோடை பண்பலை 100.5, நமக்கு அதுதான் ஊர். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, மலை மறைத்தால் அறுந்துவிடும். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி வளைவுகளில் ஏறும்போது ஒரு வளைவில் கேட்டு, அடுத்த வளைவில் போனால் அது இயற்கை, ஆன்டெனா மாற்றி ஒன்றும் ஆகாது. ஆனால் மேலே மேட்டில், திறந்த வெளியில் நிற்கும்போதும் கரகரத்தால் கோளாறு உன் வண்டியில். முதலில் சிகரெட் லைட்டரில் செருகியிருக்கிற மலிவு மொபைல் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேள். நிறையப் பேருக்கு வில்லன் அதுதான். அடுத்து எல்இடி லைட்டுகளை அணைத்துப் பார். அப்புறம் ஆன்டெனா அடியில் பாடியோடு சேருகிற இடம், அங்கேயும் துருதான். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு இடத்தில் கோடை கிடைக்கவில்லை என்றால் கேரளத்து தேவிகுளம் நிலையம் 101.4 வை. மலையாளம் காதில் விழட்டும், உனக்கு நல்லதுதான்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இருபது வருஷம் இங்கே சம்பாதித்து, கீழே மாடி வீடு கட்டி, இன்னும் பஸ் போர்டு படிக்கத் தெரியாத நம்ம ஆட்கள் இருக்கிறார்கள். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் எடைச்சீட்டை இன்னொருத்தனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள், பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்புவார்கள். நான் மேலே வந்தபோது எனக்கும் ஒரு எழுத்தும் தெரியாது. கம்பமெட்டு வழியாக இருட்டோடு ஆள் ஏற்றி வருகிற ஜீப்பில்தான் வந்தேன். புற்றடியில் ஒரு ஸ்டோருக்குப் பின்னால் அறை, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். துவைத்த சட்டை மூன்றாம் நாளும் காயாது. பேச ஆள் கிடையாது. அப்போது ஓட்டிய வண்டியில் ஒரு டேப் இருந்தது, கேசட்டெல்லாம் பூசணம் பிடித்து இழுத்து இழுத்துப் பாடும், ரேடியோ மட்டும் தெளிவாக வரும். மழைக்கு வேலை நின்ற மதியங்களில் ஸ்டோர்க்காரர் மகன் வந்து பக்கத்தில் உட்காருவான். மலையாளச் செய்தி வைத்து, ஒவ்வொரு வரியாக எனக்குச் சொல்வான். எழுத்தையும் அவன்தான் டேஷ்போர்டுத் தூசியில் விரலால் எழுதிக் காட்டினான். இன்றைக்கு ஏலக்காய் ஏலம் விடுகிற மையத்தில் நான் யாரையும் கேட்டு நிற்பதில்லை.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றிக் குமுளிப் பாதை அடைபட்டது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. போனில் வந்ததெல்லாம் வதந்தி. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலை இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து தமிழில் மாநிலச் செய்தி, அப்புறம் மலையாளத்தில் ஒன்று, இரண்டையும் வைத்துக் கேட்பேன். வீட்டுக்காரச் சேட்டனும் வந்து கதவைச் சாத்திக்கொண்டு கூட உட்காருவார். தமிழ்ச் செய்தியில் என்ன சொன்னான் என்று அவர் கேட்பார், நான் சொல்வேன்.

சரி, உன் ஊஃபர் பெட்டிக்கு வருகிறேன். வேண்டாம். இப்போது புதிதாக வருகிற பையன்கள் வண்டிக்குத் தவணை கட்ட ஆரம்பிக்கும் முன்னாலேயே சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைத்துவிடுகிறார்கள். குமுளி ஸ்டாண்டில் கண்ணாடி அதிர நிறுத்தினால் மரியாதை கூடும் என்று நினைப்பு. ஊர்க்காரர்கள் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன். கேரள மோட்டார் வாகனத் துறை வேறு கூடுதல் விளக்கு, மாற்றம் செய்த ஹார்ன், ஆடியோ என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிறது, அதிலும் வெளி மாநில நம்பர் பிளேட் என்றால் கேட்கவே வேண்டாம்.

தொடுதிரையும் வேண்டாம். பழைய வண்டிகளில் செட்டுப் பொந்து 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். திரை வைத்த செட்டுக்கு 10 செ.மீ. உயரம் வேண்டும், டேஷ்போர்டை அறுப்பார்கள். ஒற்றை உயரத்தில் ப்ளூடூத், யுஎஸ்பி இருக்கிற செட்டு ஒன்று போதும். அட்டையில் ‘50 வாட் × 4’ என்று போட்டிருப்பதை நம்பாதே, தொடர்ந்து கொடுக்கிற சக்தி 20 வாட் பக்கம்தான், கேபினுக்கு அதுவே தாராளம். காசை ஸ்பீக்கரில் போடு. காகிதக் கோன் இந்த ஈரத்துக்கு ஊறிப் பூசணம் பிடிக்கும், பிளாஸ்டிக் கோன் வாங்கு. சென்சிடிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் கொடுக்கிறது என்கிற கணக்கு, 90 டெசிபலுக்கு மேல் இருக்கிறதா என்று பார். அது 3 டெசிபல் கூடினால் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். நாலு ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் இரண்டை இணையாகச் சேர்த்து செட்டின் ஒரே ஸ்பீக்கர் லைனில் மாட்டாதே, இரண்டு ஓம் ஆகிச் செட்டு சூடேறிப் போய்விடும். பெரிய லாரியிலிருந்து கழற்றிய 24 வோல்ட் சாமானை யாராவது சல்லிசாகக் கொடுத்தாலும் வாங்காதே, உன்னுடையது 12. இணைப்புகளைச் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போடச் சொல். பக்கத்தில் நின்று பார்.

நம்பர் விஷயம்: வண்டி இங்கேயே 12 மாதத்துக்கு மேல் இருக்கப்போகிறது என்றால் கேரளப் பதிவு வாங்கியாக வேண்டும். அதற்கு வண்டி இப்போது பதிவாகியிருக்கிற ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கு. சரக்கு வண்டி என்பதால் பெர்மிட்டும் வரியும் தனிக் கணக்கு, அதைக் குமுளியில் ஏஜென்டிடம் கேள். தமிழ் வழிப் பள்ளி பீர்மேடு, தேவிகுளம் பக்கமெல்லாம் உண்டு, ஆனால் பிள்ளையை மலையாளமும் படிக்க விடு. வாடகை பேசும்போது மழைக்காலத்தில் ஒருமுறை போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு.