எவ்ரிஒன், எவ்ரிபடி: மெயிலில் எதைப் போடுவது?

நீங்கள் மெயிலில் 'எவ்ரிபடி ஆர் இன்வைட்டட்' என்று எழுத, மேனேஜர் 'எவ்ரிஒன்' என்று திருத்திவிட்டார், எது தப்பு என்று கேட்கிறீர்கள். அந்த இடத்தில் தப்பே இல்லைங்க. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், சம்ஒன்–சம்படி, எனிஒன்–எனிபடி ஜோடிகளும் அப்படியே. 'படி' பேச்சில் சகஜம், 'ஒன்' எழுத்தில் கொஞ்சம் அதிகம் புழங்கும், அதனால் ஆபீஸ் மெயிலில் 'ஒன்' போட்டுவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

உண்மையான தப்பு அந்த 'ஆர்'. அதை அவர் கோட்டை விட்டுவிட்டார் பாருங்கள்! 'எவ்ரிஒன்', 'எவ்ரிபடி' இரண்டும் எல்லோரையும் குறித்தாலும் இலக்கணப்படி ஒருமை, 'இஸ்'தான் வரும். ஆனால் அதே வாக்கியத்தில் பின்னால் 'தெய்ர்' வரலாம்: 'எவ்ரிஒன் ஹேஸ் தெய்ர் லேப்டாப்'. 'தெய்ர்' பன்மை என்பதால் இது முரணாகத் தெரியும், ஆனாலும் சரியான ஆங்கிலம்தான்.

அப்புறம், 'ஆஃப் தெம்' என்று தொடர்ந்தால் 'எவ்ரி ஒன்' என்று பிரித்து எழுதுங்கள், அங்கே 'எவ்ரிபடி' செல்லாது. 'நோபடி' ஒரே சொல், 'நோ ஒன்' இரண்டு சொல். பிரிட்டிஷ்காரர்கள் சிலர் நடுவில் சிறுகோடு போடுவார்கள். சேர்த்து எழுதினால் 'நூன்' என்று படிக்கத் தோன்றும்.