பக்கத்து சீட்ல உக்காந்து கத்தாதீங்க, பொண்ணைப் பேச விடுங்க

மடிப்பாக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணுக்கு 19 வயசு, டிரைவிங் ஸ்கூல் போய் லைசன்ஸும் வாங்கியாச்சு. ஆனா வீட்டு வேகன் ஆர்ல பக்கத்துல உக்காந்தாலே இவங்களுக்கு படபடன்னு வருது, "பிரேக் பிரேக்"னு கத்துறாங்க, அவ அழுதுட்டு நடுரோட்ல வண்டியை ஆஃப் பண்ணிடறா. இவளை எப்படி பழக்குறது, ஓஎம்ஆர்ல இருக்கிற காலேஜுக்கு எப்போ தனியா விடலாம்? கூடவே 16 வயசு தம்பி டியூஷன் போக ஆக்டிவா கேக்குறானாம், குடுக்கலாமா?

தம்பி விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன் மேடம், குடுக்காதீங்க. 16 வயசுல 50 சிசிக்குள்ள இருக்கிற கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசன்ஸ், ஆக்டிவா 110 சிசி, அதுக்கு 18 ஆகணும். 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் மைனர் பிள்ளை மாட்டினா வண்டியை குடுத்தவங்களுக்கு 25,000 ரூபா அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டியோட ஆர்சி ஒரு வருஷத்துக்கு கேன்சல், பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசன்ஸ் கிடையாது. தெருமுனை டியூஷன் தானேன்னு நினைக்காதீங்க.

இப்போ பொண்ணு. ஸ்கூல் கார்ல மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். நான் சொல்லிக்குடுக்கிறவன்தான், அதனால உண்மையை சொல்றேன், ட்ராஃபிக்ல பாதி நேரம் எங்க கால்தான் வண்டியை நிறுத்தியிருக்கும், பசங்க தாங்களே நிறுத்தினதா நினைச்சுப்பாங்க. உங்க வண்டில உங்களுக்குன்னு இருக்கிறது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அதனால ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கு காலியா, அகலமா இருக்கிற லேஅவுட் ரோடா பாத்து போய், 20ல ஓட்டச்சொல்லி, பின்னாடி யாரும் வரலைன்னு கண்ணாடில பாத்துட்டு முழுசா பிரேக் அடிக்க சொல்லுங்க. பத்து தடவை. நம்ம வண்டி எங்க நிக்கும்னு அவ காலுக்குத் தெரியணும். நீங்களும் ஹேண்ட் பிரேக்கை பட்டனை அழுத்தின கட்டைவிரலை எடுக்காம மெதுவா இழுத்துப் பழகுங்க, பயத்துல வெடுக்குனு இழுத்தா பின் டயர் லாக் ஆகி வண்டி திரும்பிக்கும்.

அடுத்தது வாய். நீங்க "பிரேக்"னு கத்துறப்போ நேரம் போயிடுச்சு மேடம், 40ல போற வண்டி ஒரு செகண்டுல 11 மீட்டர் ஓடிடும், நீங்க கத்தி அவ காதுல விழுந்து கால் நகர்றதுக்குள்ள எம்டிசி பஸ் ஒண்ணோட நீளம் தாண்டியாச்சு. அதனால நீங்க பேசாதீங்க, அவ பேசட்டும். கண்ணுல படுறதை எல்லாம் ஓட்டிக்கிட்டே வாய்விட்டு சொல்லணும். "முன்னாடி ஷேர் ஆட்டோ, இண்டிகேட்டர் போடல, ஆனா ஓரத்துல ரெண்டு பேர் கை காட்டுறாங்க, நிப்பான்." "இடது பக்கம் பார்க் பண்ணின கார்ல டிரைவர் தலை தெரியுது, கதவு திறக்கலாம், தள்ளிப் போறேன்." "ஸ்டாப்ல பஸ் நிக்குது, அதுக்கு முன்னாடி இருந்து யாராவது குறுக்க ஓடி வரலாம்." முதல் நாள் சிரிப்பா இருக்கும், அவளுக்கே கூச்சமா இருக்கும். ஆனா அவ எதை சொல்லலையோ அதை அவ பாக்கலைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும், உங்க படபடப்பு பாதி குறைய அது போதும். அப்போ "இடது கண்ணாடில என்ன வருது?"ன்னு கேள்வியா கேளுங்க. இடது பக்கம் திரும்பும்போது உள்ள நுழையுற பைக்தான் நம்ம ஊர்ல பெரிய தலைவலி. "நிறுத்து"ங்கிற வார்த்தையை மட்டும் நிஜமான ஆபத்துக்கு வச்சுக்கோங்க, வேற எதுக்கும் அது வரக்கூடாது.

இடைவெளி விட்டா பைக்காரன் புகுந்துடறான்னு அவ சொல்லுவா. புகுந்துக்கட்டும், ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து மறுபடி இடம் விடட்டும்.

லைசன்ஸ் வந்துட்டாலும் எல் போர்டை இன்னும் கொஞ்ச நாள் எடுக்காதீங்க. ஹாரன் குறையாது, ஆனா பின்னாடி வர்றவன் ஒரு அடி தள்ளி வருவான்.

ரூட்டை படிப்படியா ஏத்துங்க. முதல்ல உள் தெரு, அப்புறம் காலைல கீழ்க்கட்டளைல இருந்து துரைப்பாக்கம் வரைக்கும் ரேடியல் ரோடு, அப்புறம்தான் ஓஎம்ஆர். ஏத்தத்துல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கிறது வராம எந்த மேம்பாலமும் வேணாம், பின்னாடி பைக்காரன் ஒட்டிக்கிட்டு நிப்பான். தனியா எப்போ விடலாம்னா, காலேஜ் போற அதே நேரத்துல, அதே ரூட்ல, போக வர நீங்க ஒரு வார்த்தை பேசாம அவ ஓட்டியிருக்கணும், ஒரு தடவை இருட்டுல, ஒரு தடவை மழைல. மெட்ரோ வேலைக்காக யூ டர்ன் இடம் மாறிக்கிட்டே இருக்கும், பழக்க தோஷத்துல திரும்புறாளா, போர்டை பாத்து திரும்புறாளான்னு கவனிங்க. ஐப்பசி மழைல சப்வேல தண்ணி நின்னா, முன்னாடி நாலு வண்டி போனாலும் இவ இறங்கக்கூடாது.

முதல் சில மாசம் ஃப்ரெண்ட்ஸை ஏத்திக்கிட்டு சுத்துறது வேணாம், ஒருத்தர்னா பரவால்ல. தனியா போற முதல் நாள் "எங்க இருக்க?"ன்னு போன் அடிச்சிடாதீங்க, அவ ஓட்டிக்கிட்டே எடுத்துடுவா. போய் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்த அப்புறம் அவளே மெசேஜ் போடட்டும், அதுவரைக்கும் உங்க போனை ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டு வேற வேலை பாருங்க.