மொட்டைப் பெட்டிசமும் மஞ்சள் புள்ளிகளும்

கேள்வி: அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வயலுக்குப் போகும் கொங்கிறீட் வீதி ஒன்று பாதிதான் போடப்பட்டிருக்கிறது. ஆனால் முழு வேலையும் முடிந்ததாகக் காட்டிப் பணம் கொடுத்துவிட்டார்கள். பெயர் போடாமல் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு எழுதினேன். வவுச்சரின் பிரதியையும் வைத்தேன். மாவட்டச் செயலகத்துக்கும் ஒரு கொப்பி போட்டேன். எல்லாம் அலுவலகத்துக் கலர் லேசர் மெஷினில், வேலை நேரம் முடிந்தபிறகு அடித்தவை. போன கிழமை கூட்டத்தில் மேலதிகாரி, "பேப்பரிலேயே ரகசியக் குறி இருக்கு, ஆரெண்டு கண்டுபிடிப்பம்" என்றார். அப்படிக் குறி உண்மையிலேயே இருக்கிறதா? அது சட்டப்படி சரியா? என் வேலை போகுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, முதலில் உங்கள் பயத்தைப் பற்றிப் பேசுவோம். மேலதிகாரி சொன்னதில் பாதி உண்மை.

கலர் லேசர் பிரிண்டர்களிலும் கலர் போட்டோகொப்பி மெஷின்களிலும் பல, அடிக்கும் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகளைப் போடுகின்றன. கள்ள நோட்டு அடிப்பவர்களைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. 2005 இல் எலெக்ட்ரோனிக் ஃப்ரொன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு, செரொக்ஸ் டொக்கியூகலர் மெஷின் ஒன்றின் புள்ளிகளை வாசித்துக் காட்டியது. மெஷினின் தொடர் இலக்கம், அடித்த திகதி, நேரம் ஆகியவை அதில் இருந்தன. கறுப்பு வெள்ளை லேசர் மெஷின்களில் இந்த மஞ்சள் புள்ளி இல்லை.

இதிலே கவனிக்க வேண்டியது, புள்ளி மெஷினைத்தான் காட்டும். மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகட்டை வைத்து அன்றைக்கு யார் ஓட்டினார் என்று சொல்ல முடியாதல்லவா, அப்படித்தான். அதிலுள்ள நேரமும் மெஷினின் கடிகாரம் சொல்லும் நேரமே. கடிகாரம் பிழையாக இருந்தால் அதுவும் பிழை. அதோடு, மேலதிகாரியின் கையில் இருப்பது நீங்கள் அனுப்பிய மூலத் தாளா என்று யோசியுங்கள். மாவட்டச் செயலகத்திலிருந்து கறுப்பு வெள்ளைக் கொப்பியாகவோ வட்ஸ்அப் படமாகவோ வந்திருந்தால், புள்ளிகள் பெரும்பாலும் அதில் தங்கியிருக்காது. மூலத் தாளே கிடைத்து ஒரு வழக்கில் முன்வைத்தாலும், அதை வாசித்துச் சொல்ல நிபுணர் ஒருவர் வேண்டும். அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

உண்மையில் உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடியவை வேறு. மெஷினில் யாருடைய கணக்கிலிருந்து பிரிண்ட் போனது என்ற பதிவு, கைவிரல் வரவுப் பதிவு, சிசிடிவி, நீங்கள் பாவித்த கணினியில் கிடக்கும் கோப்பு. அமெரிக்காவில் 2017 இல் ரியாலிட்டி வின்னர் என்ற பெண் அரச இரகசிய அறிக்கை ஒன்றைச் செய்தித்தளத்துக்கு அனுப்பிக் கைதானார், பின்னர் தண்டனையும் பெற்றார். வெளியான பிரதியில் மஞ்சள் புள்ளிகள் இருந்தது பின்னர் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் நீதிமன்றத்தில் எஃப்பிஐ சொன்னது, அந்த அறிக்கையைப் பிரிண்ட் எடுத்தவர்கள் ஆறு பேர் என்றும், அவர்களில் இவருடைய கணினியிலிருந்துதான் அந்தச் செய்தித்தளத்துடன் மின்னஞ்சல் தொடர்பு இருந்தது என்றும். அந்த நாட்டுச் சட்டமும் அந்த ஆவணமும் வேறு, அந்தத் தண்டனையை நினைத்து நீங்கள் பயப்படத் தேவையில்லை.

குறி வைப்பது சரியா என்று கேட்டீர்கள். காசு கொடுத்து மெஷின் வாங்குகிறவருக்குச் சொல்லாமல் அவருடைய ஒவ்வொரு தாளிலும் அடையாளம் பதிப்பது தப்பு என்பதே என் எண்ணம். ஆனால் அதைத் தடுக்க உங்கள் கையில் இன்றைக்கு வலுவான ஆயுதம் இல்லை. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனிமனித அந்தரங்கம் தனி உரிமையாக எழுதப்படவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரை நேராகவோ சுற்றிவளைத்தோ அடையாளம் காட்டும் தகவல் தனிப்பட்ட தரவுதான். மெஷின் இலக்கத்தை உங்கள் பெயரோடு சேர்த்தால் அதுவும் அப்படியே என்று வாதிடலாம். ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதே பிற்போடப்பட்டு வந்த ஒன்று. அதை நம்பி அமைதியாக இருந்துவிடாதீர்கள்.

உங்கள் பலம் நீங்கள் எங்கே முறையிட்டீர்கள் என்பதில் இருக்கிறது. ஆணைக்குழுவுக்குத் தகவல் கொடுப்பவரைப் பாதுகாக்க 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. அதே ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் சாட்சிகளைப் பாதுகாக்க வந்தது. மிரட்டுவது அதன்கீழ் குற்றம். கூட்டத்தில் மேலதிகாரி சொன்ன வார்த்தைகளை, திகதி, நேரம், அங்கே இருந்தவர்கள் பெயரோடு இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதை அலுவலகத்தில் வைக்க வேண்டாம். அப்புறம், ஆணைக்குழுவுக்கு உங்கள் பெயரைச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்பதுதான் நல்லது. மொட்டைப் பெட்டிசக்காரரை எப்படிப் பாதுகாப்பார்கள்? 1954 என்ற இலக்கத்தில் பேசலாம்.

வவுச்சர் பிரதி விடயம் கொஞ்சம் சிக்கல். அலுவலக ஆவணத்தை வெளியே கொடுத்ததாக, அரச ஊழியர்களுக்கான விதிக்கோவையான தாபனக் கோவையின் கீழ் உங்கள்மீது குற்றச்சாட்டு வரலாம். அதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு. கேட்டால் கொடுக்கவேண்டிய தகவலை வெளியிட்டதற்காக அரச உத்தியோகத்தரைத் தண்டிக்க முடியாது என்கிறது அது. பொதுப் பணத்தில் போட்ட வீதிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பொதுவாகக் கேட்டால் கொடுக்கவேண்டிய தகவல்தான். இன்னும் ஒன்று செய்யலாம். அந்த ஊரின் கமக்காரர் அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ அதே வவுச்சரைத் தகவல் விண்ணப்பத்தில் கேட்கட்டும். ஏன் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரவேண்டும். அது வந்தால் பிரதி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியின் பாரம் குறையும்.

அலுவலகத் தாளையும் மையையும் சொந்தத் தேவைக்குப் பாவித்தீர்கள் என்று கேட்கலாம். அதைச் சின்ன விடயமாக நான் மறைக்க மாட்டேன், கேட்க இடமுண்டு. ஆனால் ஊழலைச் சொல்வதற்கு நாலு தாள் அடித்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் அந்த முடிவு மேன்முறையீட்டில் நிற்பது கடினம். இதை மூடப்போய்ப் பெரிதாக்கிக்கொள்ளாதீர்கள். கணினியில் உள்ள கோப்பை அழிக்க வேண்டாம், மெஷினைத் தொட வேண்டாம். "நான் எழுதவில்லை" என்று கையெழுத்துப் போட்டும் கொடுக்க வேண்டாம். பொய் வாக்குமூலம் தனிக் குற்றச்சாட்டாகிவிடும். கேட்டால், "இது ஆணைக்குழுவின் விசாரணைக்குரிய விடயம், சட்டத்தரணியைக் கேட்டுவிட்டுப் பதில் தருகிறேன்" என்று எழுத்தில் கொடுங்கள்.

பழிவாங்கும் இடமாற்றமோ பணி இடைநிறுத்தமோ வந்தால் அன்றிலிருந்தே நாட்களை எண்ணத் தொடங்குங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும். உடனே கொழும்பு போக வசதியில்லாவிட்டால் அந்த மாதத்துக்குள்ளேயே கல்முனையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. கடிதம் கிடைத்த உறையைத் தபால் முத்திரைத் திகதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.