கடனில் சோபா வாங்கலாமா, இருப்பதை நகர்த்திப் போடலாமா?

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். வாடகை 13,500. நகைக்கடன் 80,000 ரூபாய்க்கு 12% வட்டி. இப்போதைக்கு வட்டி மட்டும் கட்டுகிறோம். 10 அடிக்கு 14 அடி ஹாலில் பழைய சோபா, திவான், டீப்பாய், டைனிங் டேபிள், ஸ்டீல் பீரோ எல்லாம் அடைந்துகிடக்கின்றன. பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் வருகிறது. அதற்குள் 1,20,000 ரூபாயில் 'எல்' வடிவ சோபாவும் டிவி யூனிட்டும் வாங்க ஆசை. 14% வட்டியில் பெர்சனல் லோன் தருவதாகச் சொல்கிறார்கள். போனஸ் 30,000 கையில் இருக்கிறது. லோன் வாங்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வீட்டில் இடமில்லை என்பதுதான் உங்கள் குறை. அதற்கு மருந்தாக இன்னும் பெரிய சோபாவைக் கேட்கிறீர்கள்! கடையின் விசாலத்தில் சின்னதாகத் தெரியும் 'எல்' சோபா ஒரு பக்கம் 8 அடி, மறுபக்கம் 6 அடி இருக்கும். உங்கள் ஹாலில் குறுக்கே போட்டால் நடக்க 2 அடிதான் மிஞ்சும்.

முதலில் கடன் கணக்கு. 1,20,000 ரூபாயை 14% வட்டியில் 2 வருடத்துக்கு வாங்கினால் தவணை மாதம் சுமார் 5,760 ரூபாய். வட்டி மட்டுமே 18,000 ரூபாயைத் தாண்டும். பிராசசிங் கட்டணம் 2% என்றால் ஜிஎஸ்டியோடு இன்னொரு 2,832. அதே 5,760 ரூபாயை மாதாமாதம் வங்கியில் ஆர்டியில் (தொடர் வைப்பு) போட்டு வந்தால், 6.5% வட்டி என்று வைத்துக்கொண்டாலே 20 மாதத்தில் 1,20,000 சேர்ந்துவிடும். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று கடைக்காரர் சொன்னாலும் மயங்க வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டி எங்காவது ஓரிடத்தில் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியில்.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். தரையில் 2 அடி டைல்ஸ் பதித்திருந்தால் அளவு டேப்கூட வேண்டாம். உங்கள் ஹால் 5 டைல் அகலம், 7 டைல் நீளம். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்தை ஒரு டைலாக வைத்து ஹாலை வரையுங்கள். சாமான்களைப் பேப்பரில் வெட்டி அதன்மேல் நகர்த்திப் பாருங்கள். வாசலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் ஒன்றரை டைல் அகலம் காலியாக இருக்க வேண்டும். அதை முடிவு செய்துவிட்டு மற்றதற்கு இடம் தேடுங்கள்.

பீரோவை ஹாலிலிருந்து படுக்கையறைக்குக் கொண்டுபோக முடிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜன்னலை மறைக்காமல் வையுங்கள். ஆனால் துணிமணியை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்; கால்களுக்கு அடியில் பழைய சாக்கை மடித்து வைத்து, இரண்டு பேராக மெதுவாக இழுங்கள். நான் சோம்பல்பட்டு நிறை பீரோவைத் தள்ளி ஒரு டைலை உடைத்தேன். டைல் விலையைவிட கொத்தனார் கூலிதான் கடித்தது. உங்களுடையது வாடகை வீடு, அட்வான்ஸில் பிடித்துவிடுவார்கள்.

டைனிங் டேபிளில் உட்கார்ந்து கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? பெரும்பாலான வீடுகளில் அது இஸ்திரிக்குப் போகிற துணியும் மருந்து டப்பாவும் வைக்கிற மேடைதான். நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு நாற்காலி வெளியே இருந்தால் போதும். திவானை ஜன்னலோரம் போட்டால் நாத்தனார் குடும்பம் வரும்போது பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் ஆகும். டீப்பாய் யார் காலிலாவது இடித்துக்கொண்டே இருந்தால் விற்றுவிடுங்கள்.

போனஸில் 5,000 ரூபாய்க்கு மேல் வீட்டுக்கு எடுக்காதீர்கள். சோபா உறை, திரைச்சீலை, மஞ்சள் வெளிச்சம் தருகிற ஓர் எல்இடி விளக்கு, இவ்வளவு போதும். சோபாவின் கட்டை உறுதியாக இருந்து ஸ்பாஞ்ச் மட்டும் அமுங்கியிருந்தால், குஷன் வேலை செய்பவரிடம் விலை கேட்டுவையுங்கள். அதைப் பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம். மீதி 25,000 ரூபாயை நகைக்கடன் அசலில் கட்டுங்கள். மாதம் 250 ரூபாய் வட்டி குறையும்.

விருந்தாளிகள் கிளம்பிய பிறகும் புது சோபா வேண்டும் என்றே தோன்றினால், ஆர்டியை ஆரம்பியுங்கள். பணம் சேர்ந்ததும் கடைக்குப் போகும்போது அந்தக் கட்டம் போட்ட தாளையும், மாடிப்படி அகலத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். பிரம்பு சோபாவையும் ஒரு கண் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் முழுக்க மூங்கில், பிரம்பால் ஆன ஃபர்னிச்சருக்கு ஜிஎஸ்டி 5%தான், மரச் சோபாவுக்கு 18%. தவிர, வீடு மாறும்போது பிரம்பு சோபாவை இரண்டு பேர் அலுங்காமல் தூக்கிவிடலாம்.