கறுப்புத் திரை வந்ததும் எழுந்துவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரானிய இயக்குநர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை வாசித்துவருகிறேன். ஜாஃபர் பனாஹி சிறையையும் தடையையும் தாங்கிக்கொண்டு அந்த மண்ணிலேயே படம் எடுத்தார். முகமது ரசூலோஃப் தண்டனை வந்ததும் ஓடிவிட்டார். இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பாராட்டுவது சரியா? இவர்களுக்குக் கிடைக்கும் விருதுகளும் அரசியலுக்காகத்தானே?

எம்.

அன்புள்ள எம்.,

விருதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. படங்களைப் பாருங்கள், போதும்.

ஆனால் 'ஓடிவிட்டார்' என்று எழுதும்போது உங்கள் கை தயங்கவே இல்லையா? ரசூலோஃபுக்கு விதிக்கப்பட்டது எட்டு ஆண்டுச் சிறையும் கசையடியும். 2024-இல் மலைகளை நடந்து கடந்து வெளியேறினார். இன்னொருவன் முதுகில் விழவிருந்த அடியை வைத்து வீரத்துக்கு மதிப்பெண் போட நாம் யார்? 2010-இல் இந்த இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் கைதானார்கள். 2022-இல் ரசூலோஃப் மறுபடி கைதானபோது, அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கப்போன பனாஹியையும் பிடித்து எவின் சிறையில் அடைத்தார்கள். இவர்களைத்தான் நீங்கள் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள்.

சில நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது இவர்கள் இருவரும்கூட இல்லை. பனாஹியின் 'டாக்ஸி' (2015) படத்தை நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். படம் எடுக்கக் கூடாது என்ற இருபதாண்டுத் தடைக்குள் இருந்த மனிதர், காருக்குள் கேமராவைப் பொருத்திக்கொண்டு தெஹ்ரானைச் சுற்றுகிறார். வண்டியில் ஏறும் வழக்கறிஞர் நஸ்ரின் சொதூதே, சினிமாக்காரர்களுக்கு என்று ஒரு ரோஜாவை வைத்துவிட்டுப் போகிறார். கடைசியில், யாரோ விட்டுச்சென்ற பணப்பையைத் திருப்பிக் கொடுக்கப் பனாஹி இறங்கிப் போகிறார். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் வண்டிக்குள் புகுகிறார்கள். திரை கறுப்பாகிறது.

நான் எழுந்துவிட்டேன். நண்பர் கையைப் பிடித்து உட்காரவைத்து, "படி" என்றார். திரையில் சில வரிகள். வெளியிடத்தக்க படங்களில் உழைத்தவர்களின் பெயர்ப்பட்டியலை அரசு அமைச்சகம்தான் அங்கீகரிக்கிறது. மனமார விரும்பியும் இந்தப் படத்தில் பெயர்ப்பட்டியல் இல்லை. துணைநின்ற அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன் என்கிற பொருளில். அவ்வளவுதான். ஒரு பெயர்கூட இல்லை.

அந்த வெற்றிடம் இன்னும் என்னை விடவில்லை, எம். சினிமாவில் உழைக்கும் எவருக்கும் உள்ள எளிய ஆசை, தன் பெயர் திரையில் வருவதை வீட்டார் பார்க்க வேண்டும் என்பது. பத்து ஆண்டு விளக்குத் தூக்கியவருக்கும் அது உண்டு. அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவர்கள் இந்தப் படத்தில் உழைத்தவர்கள். பனாஹி கைதானால் உலகெங்கும் கலைஞர்கள் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்புகிறார்கள். ஒலிப்பதிவு செய்தவரைக் கூட்டிப்போனால் யாரை விடுவிக்கச் சொல்லிக் கேட்பது? அவர் இருந்தார் என்பதே நமக்குத் தெரியாதே! இயக்குநரின் துணிச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோமே, நானும்தான் எழுதினேன், இவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கினோமா?

பெயர் தெரிந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2013-இல் பனாஹியோடு சேர்ந்து 'மூடிய திரை'யை இயக்கிய கம்புசியா பர்தோவியின் கடவுச்சீட்டையும் அதில் நடித்த மரியம் மொகதமின் கடவுச்சீட்டையும் பறித்துக்கொண்டார்கள்.

நீங்கள் ஓடிவிட்டார் என்று சொல்லும் ரசூலோஃப், 2024-இல் கான் திரைப்பட விழாவின் சிவப்புக் கம்பளத்துக்கு வந்தபோது இரண்டு புகைப்படங்களை உயர்த்திப் பிடித்திருந்தார். அவர் படத்தில் நடித்துவிட்டு ஈரானைவிட்டு வெளியேற முடியாமல்போன சுஹைலா கொலெஸ்தானி, மிசாக் ஜாரே ஆகியோரின் படங்கள் அவை. தான் தப்பித்து வந்து நிற்கும் இடத்தில், வர முடியாதவர்களின் முகங்களை முன்னே பிடித்துக்கொண்டு நின்றவரைப் பற்றித்தான் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள்மேல் கோபம் இல்லை. அக்கறை இல்லாதவர் இவ்வளவு கேட்டு எழுத மாட்டார். 'டாக்ஸி'யைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கறுப்புத் திரை வந்ததும் எழுந்துவிடாதீர்கள்.

அன்புடன்